காலரா வார்டில் ஒரு டம்ளர் மோர்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், எத்தனை பேருக்குக் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், ஒருத்தராவது திரும்பி வந்து என்னிடம் பேசியதில்லை. அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எழுபதுகளில் ஒரு கோடை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காலரா. ஒரு பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு வார்டு ஆக்கியிருந்தார்கள். பகல் டியூட்டிக்கு நானும் சரசக்காவும். அவள் என்னைவிடப் பத்து வயது மூத்த நர்ஸ், சிடுமூஞ்சி, ஆனால் மனசு தங்கம். எனக்கு வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. தோல் உரிகிற அளவுக்கு லோஷனில் கை கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன், அப்படியும் பிள்ளையைத் தூக்கும்போது பயமாக இருக்கும்.

வார்டுக்குள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. ஆனால் எங்கள் பக்கத்து மனுஷர்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, தன் வீட்டு ஆளைக் கவனிக்கிற நர்சுக்கு ஒரு டம்ளர் மோராவது கொடுக்காவிட்டால் அவர்களுக்கு ஆறாது. பழனிச்சாமி என்று ஒரு விவசாயி, அவர் மனைவி வள்ளியம்மாள் எங்களிடம் படுத்திருந்தாள், தினமும் மத்தியானம் தூக்குப்போசியில் மோர் கொண்டு வருவார்.

"குடிங்க நர்சம்மா. எங்க ஊட்டு மோரு உங்களுக்கு ஆகாதுங்களா?"

நான் விரதம் என்று பொய் சொல்லித் தப்பிப்பேன். சரசக்கா வாங்கிக் குடித்துவிடுவாள். "பாவம் கண்ணு, மனுசனுக்கு மனசு நோகும்" என்பாள்.

மோர் வர ஆரம்பித்த ஐந்தாம் நாள் சரசக்காவே கட்டிலில் விழுந்தாள். சலைன் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. வாந்தி நிற்கும்வரை வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அது சரி என்றுதான் நானும் நம்பினேன். "தண்ணி குடு கண்ணு, ஒரே ஒரு வாய்" என்று அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். நான் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன், அவ்வளவுதான் செய்தேன். சாயங்காலம் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, நல்ல உச்சி வெயில். பழனிச்சாமி வழக்கம்போல மோரை நீட்டினார்.

"என்ற மோரைக் குடிச்சுத்தான் அந்தம்மா செத்துப் போனாங்கன்னு ஊருக்குள்ள பேசறாங்க நர்சம்மா. நீங்களாச்சும் ஒரு வாய் குடிச்சீங்கன்னா..."

நான் டம்ளரை வாங்கிவிட்டேன். அவர் போசியைக் கழுவ வெளியே போனார். டம்ளரை வாய்க்குக் கொண்டு போகிறேன், நம்பினால் நம்புங்கள், பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. ஜில்லென்று ஈரமாக இருந்தது. டம்ளர் கையை விட்டுப் போய்விட்டது, எங்கேயோ உருண்ட சத்தம் கேட்டது. திரும்பினால் பின்னால் ஒருவரும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலமே பழனிச்சாமியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள், அவருக்கும் காலரா. அவர் தோட்டத்துக் கிணறே கெட்டிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த மோரைக் குடித்துவிட்டு நான் பிள்ளைக்குப் பால் கொடுத்திருந்தால்? செத்தும் என்னைக் காப்பாற்றினாள் சரசக்கா என்று நினைத்து நினைத்து அழுதேன்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகிற அன்று வள்ளியம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"உங்களைக் காப்பாத்தறக்கு வரலீங்க நர்சம்மா. நான் பாத்துட்டுத்தான் படுத்திருந்தேன். உங்க கையில இருந்து புடுங்கிக் கடகடன்னு குடிச்சாங்க. அத்தனை தாகமுங்க அவங்களுக்கு."

நோய் மயக்கத்தில் எதையோ கண்டிருப்பாள் என்று நீங்கள் சொல்லலாம், நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்குக் கொட்டிய மோரைத் துடைக்கப் பினாயிலும் துணியும் எடுத்து வந்தவள் நான். டம்ளர் கட்டிலுக்கடியில் கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் துணியால் தேடிப் பார்த்தேன், தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.