தவசி கட்டிய வீட்டு வரி

கோம்பையில் மாயக்காளும் தவசியும் ஊர்க்கூட்டத்தில் துரும்பு முறித்துப் புருஷன் பெண்டாட்டி உறவைத் தீர்த்துக்கொண்டு பிரிந்தபோது, இருவருக்கும் பொதுவாக இருந்தது ஓர் ஓட்டுவீடுதான். பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோன பிறகு அந்த வீட்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. சண்டைகூட இல்லை. சண்டை போட்டிருந்தால் அக்கம்பக்கத்துக்காவது பொழுது போயிருக்கும்.

மாயக்காள் எருமையையும் காதுத் தண்டட்டியையும் விற்று அவனுடைய பாதியை வாங்கிப் பத்திரம் முடித்தாள். தவசி மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மாயக்காள் வீட்டு வரி கட்டப் பஞ்சாயத்து போர்டுக்குப் போனால், "தவசி கட்டிட்டாகளே" என்றார் கிளார்க் ஞானசிகாமணி. மறுவருஷமும் அதே கதை. ரசீதும் பழையபடி அவன் பேரில். வருகிற வழியில் ஆளில்லாத இடமாகப் பார்த்து மாயக்காள் சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு ஒச்சாண்டி வரும்வரைதான். தவசியின் அண்ணன் அவன்.

"வரி எந்தம்பி பேருலதான ஓடுது? வீடும் அவனுதுதான். நீ எதுக்கு இங்கன குடியிருக்க?"

"எங்கிட்டப் பத்திரம் இருக்கு."

"வித்தவன் எதுக்கு வரி கட்டுறான்? கோர்ட்டுல கேப்பாக, அங்க வந்து சொல்லு."

அடுத்த வரி நாளில் விடிந்ததும் போர்டுக்கு ஓடினாள். தவசி முந்திக்கொண்டு நின்றிருந்தான். தலைத்துண்டில் மலைப்பனியின் ஈரம்.

"மச்சான்," என்றாள். துரும்பை முறித்தாலும் அத்தை மகன் இல்லையென்று ஆகிவிடுமா? "வரி கட்டாதீக. அந்த ரசீத வச்சுத்தான் ஒங்க அண்ணன் என்னய வெளிய தள்ளப் பாக்குறாரு."

தவசி முழித்தான். "ஒனக்கு ஒத்தாசையா இருக்கும்னு நெனச்சேன்."

"தெரியும்."

"இதுவும் இல்லைன்னா, நா எதச் சொல்லி மலைய விட்டு எறங்கி வாரது?"

சும்மா வாங்க என்று சொல்ல வாய்வரை வந்தது. சும்மா வருகிறவனை ஒச்சாண்டி சும்மா விடுவானா? அவள் வீட்டுக்குள் கூட்டிவந்து உட்காரவைத்து, உரிமை பேச ஆரம்பித்துவிடுவான். மாயக்காள் மேஜைப் பக்கம் திரும்பினாள்.

"எம்பேருக்கு மாத்துங்கய்யா. பத்திரம் கொண்டாந்துருக்கேன்."

"மாயக்காள்..." ஞானசிகாமணி பேனாவை மையில் தொட்டார். "யாரு சம்சாரம்னு எழுத?" போர்டுக் கணக்கில் பொம்பளை பேர் தனியாக நிற்காது.

தவசி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லகண்ணு மக," என்று அப்பன் பேரைச் சொன்னாள். "அப்பிடியே எழுதுங்க."

பேனா கீறுகிற சத்தம் நிற்கும்வரை அவள் திரும்பவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அவன் நின்ற இடத்தில் இன்னொருத்தர் வரி கட்ட நின்றிருந்தார்.