புடவைக் கடை வீடியோவில் திட்டிய அக்கா

இரண்டு வாரமாக ஆரணியில் எல்லார் போனிலும் சுற்றுகிற அந்தப் பட்டுப் புடவைக் கடை வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஓர் அக்கா கடைக்காரரைப் பிடித்துத் திட்டுவார்.

"உன் புடவைய கட்டிகினு கல்யாணத்துக்குப் போனேன். பொண்ண யாருமே பாக்கல, என்னையே பாத்துகினு இருந்தாங்க. மொதல்ல இத வாபஸ் வாங்கு."

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க இன்று நானும் அந்தக் கடைக்குத்தான் போனேன். வீடியோவைப் பார்த்துச் சிரித்ததைத் தவிர வேறு காரணம் இல்லை.

"சாயம் நிக்குமாங்க?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் கோவம்கூட போயிடும், இது போவாதுங்க" என்றார் கடைக்காரர்.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பில் போடும் இடத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்தவர் அதே அக்கா.

"நடிக்கத்தான் வந்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, நெஜமாவே சண்ட போடத்தான் வந்தேன்" என்றார், குரலைத் தாழ்த்தி. "ஒரே தொவையில சாயம் போச்சு. 'இதையே கொஞ்சம் காமெடியா மாத்திப் பேசுக்கா'ன்னு செல்லுல எடுத்தாரு. வேற புடவ குடுத்தாரு. அப்புறம் இந்த வேலையும் குடுத்தாரு."

"அப்போ இது?" என்று கையிலிருந்த புடவையை நீட்டினேன்.

அக்கா கடைக்காரர் பக்கம் ஒருமுறை பார்த்தார். சிரித்துக்கொண்டே அடுத்த புடவையை மடிக்க எடுத்தார்.

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று புடவையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அங்கே வாங்கியவர்கள் யாராவது துவைத்துப் பார்த்தீர்களா? கமெண்டில் சொல்லுங்கள். தயவுசெய்து ஜோக் மட்டும் வேண்டாம்.