நாலு மணிக் கூட்டமும் உப்பு முடிச்சும்

தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போன பிறகு, அவர் நாற்காலிக்கு மதுரையிலிருந்து நம்மவர் ஒருவர் வந்தார். அவரையும் துரை என்றே கூப்பிட்டோம், வாய்ப்பழக்கம். பழைய துரை கோபம் வந்தால் கத்துவார். புதியவர் கூட்டம் போடுவார். கத்தல் சீக்கிரம் முடிந்துவிடும்.

கூட்டம் தினமும் நாலு மணிக்கு, பங்களா வராந்தாவில். பகலெல்லாம் பறித்த பழம் மூடை மூடையாக வந்து இறங்குவதும் அந்த நாலு மணிக்குத்தான். அன்றைக்கே அதை மிஷினில் விட்டுத் தோல் நீக்கியாக வேண்டும். மூடையிலேயே கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும். கொட்டையிலும் நாற்றம் ஏறிவிடும். அந்த மிஷினை ஓட்டத் தெரிந்தவர் தோட்டத்தில் ஒரே ஒருவர். துரை அவரையும் கூட்டத்தில் உட்கார வைத்தார்.

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கீழே மூடைகள் தொப்தொப்பென்று விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார். "அடுப்புல பாலை வச்சுட்டு அடுத்த தெருவுல பஞ்சாயத்துப் பேசுறோம் கணக்கு" என்று என் காதில் சொல்வார். நானும் தலையாட்டிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்வேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்தக் கூட்டம் பிடித்திருந்தது.

இரண்டு முறை காப்பி நாறியது. மூன்றாவது முறையும் நாறினால் மிஷின்காரரை வத்தலக்குண்டுக்கு இறக்கிவிடும்படி முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். வீட்டில் அவர் மனைவிக்கு எட்டாம் மாதம்.

துரை நியாயமானவர். விசாரிக்காமல் யாரையும் அனுப்ப மாட்டார். ஆகவே விசாரிக்க ஒரு கூட்டம் போட்டார். நாலு மணிக்கு.

"பழம் ஏன் நாறுது?" என்றார்.

"நான் இங்க உக்காந்திருக்கேன்ல தொரை, அதான் நாறுது" என்றார் மிஷின்காரர்.

துரை அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "நல்ல பாயிண்ட். நாளைக்கு இதை விரிவாப் பேசுவோம்."

படியிறங்கும்போது மிஷின்காரர் என் தோளைப் பிடித்தார். "நீங்க சொன்னா கேப்பாரு கணக்கு. கூட்டத்தை ஓடைக்கரைக் காட்டுல போடச் சொல்லுங்க. நேர்ல பாத்தாத்தான் வெளங்கும்னு சொல்லுங்க."

"மழை பெஞ்சு கெடக்குண்ணே. அட்டை அப்பிரும்."

"அப்பட்டும். நம்மகிட்ட உப்பு முடிச்சு இருக்குல்ல."

குச்சி நுனியில் உப்பைத் துணியில் முடிந்து கட்டியிருப்போம். அதை ஒற்றினால் காலில் ரத்தம் குடிக்கும் அட்டை சுருண்டு விழும். மழைக்காலத்தில் அது இல்லாமல் யாரும் காப்பிக் காட்டுக்குள் இறங்குவதில்லை. துரை மட்டும் ஜீப் போகும் பாதையைத் தாண்டியதே இல்லை.

நான் போய்ச் சொன்னதும் யோசனை துரைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மறுநாள் மூன்றரைக்கே பளபளக்கும் ஷூவோடு ஓடைக்கரையில் நின்றார். பேச மூன்று விஷயங்கள் வைத்திருந்தார்.

"முதலாவது..." என்றவர் வலது காலை உதறினார். "முதலாவதை அப்புறம் பாப்போம். ரெண்டாவது..." இடது காலும் எழும்பியது. காலுறைக்குள் விரல் விட்டுப் பார்த்தார். மூன்றாவதை அவர் எடுக்கவேயில்லை.

மிஷின்காரர் உப்புக் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி பணிவாகக் கேட்டார்: "அப்ப நாளைக்கு நாலு மணிக்கு எங்க வச்சுக்கலாம் தொரை?"

"நாலு மணிக்குக் கூட்டமே கிடையாது. காலைல நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிரலாம்."

"வெள்ளனேயே முடிச்சுக்கிட்டா நல்லதுதான் தொரை" என்று சொல்லிவிட்டுத்தான் மிஷின்காரர் குனிந்து துரை காலில் உப்பை ஒற்றினார். எனக்கும் ஐந்தாறு கடி. தின்ற பிஸ்கட்டுக்கு அது சரிதான்.

அன்று நாலு மணிக்கெல்லாம் மிஷின் சுற்றத் தொடங்கியது. அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் செத்தையைத்தான் தேடும் என்பார்கள். "நாம மெத்தையில இருந்தவரத் தூக்கிச் செத்தையில வச்சோம்" என்று மிஷின்காரர் சிரித்தார். அதற்குப் பிறகு காப்பி நாறவில்லை. ஒரு வாரம் இடைவிடாமல் கூட்டம் நடத்தியே தாம் காரணத்தைக் கண்டறிந்ததாகத் துரை முதலாளிக்கு எழுதினார். நகல் எடுத்தவன் நான்தான்.

தை பிறந்து காடு காய்ந்தது. அட்டைகள் மண்ணுக்குள் போய்விட்டன. ஒரு நாள் நாலு மணிக்கு வராந்தாவில் மறுபடியும் நாற்காலிகள். மிஷின்காரர் வந்தார். உப்பு முடிச்சை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

துரை அதைப் பார்த்தார். அவர் கால்கள் தாமாகவே தரையை விட்டு எழும்பின.

"சரி சரி, நீ போய் மிஷினைப் பாரு" என்றார்.