பூட்டிய வீட்டில் ஓடும் இணைப்பு

நகராட்சியின் இலவச இணையத் திட்டத்தில் வீடு வீடாக இணைப்பு கொடுப்பது அவள் வேலை. எந்நேரமும் மொட்டை மாடிகளில் ஏறி இறங்குவதால் 'பூனை' என்றே பெயராகிவிட்டது. கணவன்தான் குத்திக்காட்டுவான்: "ஊருக்கெல்லாம் நெட்டு. நம்ம வீட்ல மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு."

கடைசித் தெருவுக்குக் கிடைத்த இணைப்புகள் கொஞ்சம், கேட்டவர்கள் ஏராளம். யாராவது உபயோகிக்காமல் விட்டால்தான் அடுத்தவருக்கு மாற்றலாம். இணைப்பு வாங்கியிருந்த தையல்காரம்மா இறந்து, வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சலவைக்காரியின் மகளுக்கு நர்ஸ் படிப்பு நுழைவுத் தேர்வு. அடுத்த வாரம் நெட்டிலேயே எழுத வேண்டும். தையல்காரம்மாவின் இணைப்பை அந்தப் பெண்ணுக்கு மாற்றப் போனால், தினமும் பிற்பகலில் அது ஓடுவதாகக் காட்டியது.

"ஓடுற லைனைப் பிடுங்க முடியாதும்மா" என்று மேற்பார்வையாளர் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்காரரிடம் சாவி வாங்கி, சலவைக்காரியையும் கூட்டிக்கொண்டு பூனை உள்ளே போனாள். தையல் மெஷின்மேல் பாதி தைத்த ரவிக்கை. சுவரில் இணையப் பெட்டி. அதன் பச்சை விளக்கு மூச்சு விடுவதுபோல் மினுக்கியது.

சலவைக்காரி முந்தானையைத் திருகினாள். "அக்கா, திட்டாதீங்க. நாங்கதான். அந்தம்மா பாஸ்வேர்டு குடுத்துட்டுப் போனாங்க. செவுத்தோரம் போனை வச்சா எடுக்கும்."

"அடிப்பாவி! உனக்கு வர வேண்டிய லைனுக்கு நீயே குறுக்க உக்காந்திருக்கியே!" பூனைக்குச் சிரிப்பு வந்தது, பூட்டிய வீட்டில் யாரோ என்ற பயம் விட்டது. "சரி, இப்ப பொண்ணை நிறுத்தச் சொல்லு."

"அவ போனை எடுத்துக்கிட்டு லைப்ரரிக்குப் போயிட்டாளே."

விளக்கு மினுக்கிக்கொண்டேயிருந்தது. பூனை தன் போனில் பார்த்தாள். இணைந்திருந்தது ஒரே ஒரு போன். பெயர்: 'தையல்'.

"அது அந்தம்மா போனு" என்றாள் சலவைக்காரி. "ஆசையா வச்சிருந்தாங்கன்னு கூடவே வச்சுப் புதைச்சோமே."

அந்த போனைத் தடுத்துவிட ஒரு விரல் போதும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒருவர் இணைப்பையும் பூனை அறுத்ததில்லை. காலி நாற்காலியைப் பார்த்து, வீட்டுப் பெரியவளிடம் கேட்பதுபோல், "அம்மா, பிள்ளைக்குப் பரீட்சை. கொஞ்சம் விட்டுக்குடுங்க" என்றாள்.

விளக்கு மினுக்குவது நின்றது.

திரையில் மாற்றும் பொத்தான் திறந்தது. சலவைக்காரியின் மகள் பெயரைப் போட்டு அழுத்தினாள்; ஏற்றுக்கொண்டது. நன்றி சொல்ல வாயைத் திறந்தவள், பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மூடிக்கொண்டாள்.