அல்பிரட் கேட்ட செவ்வாய்க்கிழமை

பிள்ளைகளுக்குத் தகப்பன் என்றாலே கார் என்றாகிவிட்டதைக் கவனிக்க அல்பிரட்டுக்கு நாலு வருடம் பிடித்தது.

பேசாலையில் பிறந்து, ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவர் அவர். மனைவி பிரியந்தினியைப் பிரிந்தபின் அம்மருட்டில் ஒரு மாடிவீடு எடுத்தார். அவளும் பிள்ளைகளும் குரோருட்டில். ரயிலில் ஒரே தரிப்புத் தூரம். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனி ஞாயிறு பிள்ளைகள் இவரிடம். வெறுமனே வீட்டில் வைத்திருந்தால் அலுத்துப்போய், இனி வரமாட்டோம் என்றுவிடுவார்களோ என்று பயம். வெள்ளி பின்னேரமே காரை எடுத்துவிடுவார். பேர்கனில் மீன்காட்சி, டென்மார்க் கப்பல், மலையில் கூடாரம். வீட்டுப்பாடமும் தலைவாருதலும் தாயின் பாடு.

காலையில் அவருடைய பஸ்ஸில் தகப்பன்மார் பிள்ளைகளோடு ஏறுவார்கள். மூக்கைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டி எடுத்தாயா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தானும் ஒருநாள் கேட்கவேண்டும் என்பது அவருக்கு ஏக்கமாகவே போய்விட்டது.

பிரியந்தினிக்குப் போன் எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமையிலை பிள்ளையள் என்னட்டைப் படுக்கட்டும். புதன் காலமை நானே பள்ளிக்கூடத்திலை விடுறன்."

"எனக்கொண்டுமில்லை. அதுகளைக் கேளுங்கோ, ஓமெண்டா ஓம். பிறகு கப்பலிலை ஏத்திக்கொண்டு போயிடாதேங்கோ."

அடுத்தமுறை பிள்ளைகள் வந்தபோது அவர் காரைத் தொடவில்லை. குளியலறையில் ஒரு கிளாசில் இரண்டு புதுப் பல் தூரிகைகளை நிறுத்திவைத்தார். சனிக்கிழமை புட்டவித்து மீன்குழம்பு வைத்தார். தோய்த்த காலுறைகளைச் சோடி சேர்க்கச் சொல்லி இளையவன் யூலியனிடம் கொடுத்தார். அவன் பாதியில் விட்டுவிட்டு, குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு வாசலடியில் போய் இருந்தான்.

"அப்பா, எப்ப வெளிக்கிடுறது?"

"இண்டைக்கு ஒரிடமும் போறேல்லையடா. வீட்டிலைதான்."

"கார் பழுதா?"

மூத்தவள் ஆரபி பல் தீட்டிவிட்டு, தன் பழைய தூரிகையைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, அங்கை புதுசு வைச்சிருக்கிறனெல்லோ?"

"போகேக்கை மறந்திடுவமப்பா."

அவர் அவளுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தார். "செவ்வாய்க்கிழமையிலையும் அப்பாவிட்டை வந்து நிப்பியளா?"

அவள் யோசித்தாள். "எங்கை போறம்? அடுத்தநாள் பள்ளிக்கூடமெல்லோ."

"ஒரிடமுமில்லை. சாப்பிட்டு, படிச்சுப்போட்டுப் படுக்கிறது."

"அதை வீட்டிலையே செய்யலாமே அப்பா. இஞ்சை ஏன் வாறது?"

குத்திப் பேசத் தெரியாத பிள்ளை. விளங்காததைக் கேட்டாள், அவ்வளவுதான். அல்பிரட் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அந்த வீட்டில் இருந்ததெல்லாம் பயணப் பைகளும் கூடாரமும் குளிர்பெட்டியும்தான். பிள்ளைகளுக்கென்று ஒரு மேசைகூட இல்லை.

வாசலில் யூலியனுக்கு வியர்த்திருந்தது. சட்டையைக் கழற்றப் போனவரின் கையை அவன் தள்ளிவிட்டான்.

அவர் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்தார். யூலியன் துள்ளி எழும்பினான்.

"எங்கையப்பா?"

"தூரத்துக்கு" என்றார்.

ஆரபி பையைத் தூக்கிக்கொண்டாள். அது பூட்டியபடி ஆயத்தமாகவே இருந்தது.

கார் குரோருட்டைக் கடக்கும்போது, யூலியன் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து, தகப்பனுக்கு விரல் நீட்டிக் காட்டினான்.

"அப்பா, அங்கை பாருங்கோ. அதுதான் எங்கடை வீடு."