நாற்பதான எண்ணெய்

தூனிசியாவில், ஸ்ஃபாக்ஸுக்குத் தெற்கே உள்ள அந்த ஒலிவ எண்ணெய் ஆலையில் பத்தொன்பது வருடமாக அமில அளவு பார்ப்பவர் ஹெதியா அம்மாள்; மரியாதைக்கு எல்லோருக்கும் அவர் 'லல்லா'. கொஞ்சம் எண்ணெயைக் குடுவையில் ஊற்றி, கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காஸ்டிக் சோடாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார். இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்தி, குழாயின் கோட்டைப் படிப்பார். புள்ளிக்குப் பதில் கமா போடும் ஊர் அது; ஆனால் சுழியம் கமா நான்கு சதவீதம் என்று அங்கே யாரும் நீட்டி முழக்குவதில்லை. "நாலு" என்றால் போதும். எட்டு வரை நல்ல தொட்டி. இருபதைத் தாண்டினால் சோப்புக்குப் போகும் தொட்டி. அவர் சொன்னால் சொன்னதுதான், முதலாளி தவ்ஃபீக் ஹாஜியே மறுபேச்சுப் பேசமாட்டார்.

அன்று புதுச் சோடாப் புட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது விவசாயி முன்ஜியின் எண்ணெய். நூறு மரத்தின் ஒரு வருட விளைச்சல். குழாயில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது, சிவப்பு வரக் காணோம்.

"நாப்பது" என்றார் ஹெதியா.

"நாப்பதா? நேத்துப் பறிச்ச காய் லல்லா. என் மாமியார் வாய்கூட அவ்வளவு எரிக்காது."

தவ்ஃபீக் கையை விரித்தார். "வரிசை நிக்குது முன்ஜி. சோப்புத் தொட்டிக்குத் திருப்புங்கப்பா." அதில் விழுந்தால் கலந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது.

ஹெதியாவுக்கு எங்கோ இடித்தது. "பம்பைத் தொடாதீங்க" என்று அதட்டிவிட்டு, தன் சாப்பாட்டுக் கூடையிலிருந்த எண்ணெயைக் குடுவையில் ஊற்றினார். போன வாரம் அவரே பார்த்து மூன்று என்று எழுதிய எண்ணெய் அது. இப்போது முப்பது காட்டியது.

"கெட்டுப்போற எண்ணெய்ல ஒண்ணு ரெண்டு மடங்கு கூடும், இன்னொண்ணு அஞ்சு மடங்கு கூடும். இப்படிச் சொல்லிவச்ச மாதிரி பத்து மடங்கு கூடாது" என்றபடி புட்டியைத் திருப்பினார். வழக்கமாக 0,1 என்று இருக்கும் இடத்தில் 0,01 என்று இருந்தது. "சோடாவுக்குப் பத்துல ஒரு பங்கு பலம்தான் ஹாஜி. அதனால எண்ணெய் பத்து மடங்கு குடிக்குது. படிச்சதுல கமாவை ஒரு இடம் இடது பக்கம் தள்ளினா சரி. நாலு கமா சுழியம், சுழியம் கமா நாலு ஆயிடும்."

"கமாவைத் தள்ளினா எண்ணெய் நல்லதாயிடுமா?" என்றார் தவ்ஃபீக்.

"எண்ணெய் முதல்லயே நல்லதுதான். புட்டியைப் படிக்காம ஊத்தினது நான்." அவரே போய் எண்ணெய்க் குழாயை நல்ல தொட்டிக்குத் திருப்பினார். "திட்டணும்னா திட்டு முன்ஜி."

"திட்டத்தான் போறேன். முதல்ல எண்ணெய் போய்ச் சேரட்டும்."

கடைசிச் சொட்டு விழும்வரை முன்ஜி தொட்டியை விட்டு நகரவில்லை. பிறகு திட்டினார், ஆலை முழுக்கக் கேட்கும்படி ஆசைதீரத் திட்டினார். யாருக்கும் வாய் குறையாத ஹெதியா, முழுவதையும் நின்று கேட்டுக்கொண்டார்.