பால் வற்றக் கேட்ட பூ

இலத்தூர் முத்துவடிவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். வராமல் என்ன செய்யும்? முதல் பிள்ளையைப் பன்னிரண்டாம் நாளே மண்ணுக்குக் கொடுத்தாள். புனலூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அன்றிலிருந்து தென்காசி பஜாரில் பூக்கட்டிப் பிழைக்கிறாள்.

பஜாரில் இருக்கிற பெரிய ஜவுளிக்கடைக்கு ஒன்பது வருஷமாக அவள்தான் பூ கொடுத்தாள். அங்கே வேலை பார்க்கிற இருபத்தெட்டுப் பெண்களும் தலையில் மல்லிகை வைத்தே நிற்க வேண்டுமாம். உட்கார ஒரு முக்காலி கிடையாது, பூ மட்டும் உண்டு. நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

போன சித்திரையில் ஒரு நாள், அந்தக் கடையில் சேலை எடுத்துப் போடுகிற ஜெஸி, பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்தவள், வந்து நின்றாள்.

"யக்கா, கால் கிலோ உதிரிப்பூ தாங்க."

முத்துவடிவின் கை நின்றுவிட்டது. உதிரி மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும். பிள்ளையை இழந்தவள் கேட்கிற பூ அது. அவளும் கட்டியவள்தான்.

"ஏட்டி, பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

"அவன் நல்லாருக்கான்க்கா, மூணு மாசம். நிக்கைல பால் வடிஞ்சு சட்டை நனையுது. சேலையில பட்டா யாரு வாங்குவான்னு மேனேஜர் ஏசுதாரு. வத்த வச்சுட்டு வா, இல்லன்னா வராதன்னுட்டாரு."

முத்துவடிவு பூவைப் போட்டது போட்டபடி எழுந்து கடைக்குள் போனாள். ஜெஸி பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள். மேனேஜர் சுந்தரபாண்டியன் கல்லாவருகில் நின்றிருந்தார்.

"பிள்ளை உசிரோட இருக்கைல பால வத்த வைக்கச் சொல்லுதீரே, நீரு என்னத்தக் குடிச்சு வளந்தீரு வே? இவ வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. பால் குடுத்துட்டு வர அர மணி நேரம் விட்டா ஒம்ம கடை முங்கிருமா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுந்தரபாண்டியன் முகம் கறுத்தது.

"நாளையிலேர்ந்து ஒம் பூ வேண்டாம். இந்தா நிக்காளே, இவளும் வேண்டாம். ரெண்டு பேரும் வெளிய போங்க."

தெருவுக்கு வந்ததும் ஜெஸி அழவில்லை. அவளுக்கும் கோபம்தான்.

"ஒங்கள யாருக்கா பேசச் சொன்னா? எங்க வீட்டுல என் ஒரு சம்பளந்தான். நான் பூதானக்கா கேட்டேன்?"

பக்கத்துப் பூக்கடையில் கால் கிலோ உதிரிப்பூ வாங்கினாள். அதை மேனேஜரிடம் காட்டி வேலையைத் திரும்பக் கேட்க, மறுபடியும் கடைக்குள் போனாள்.